ஸ்டெகோசாரஸ் டிராகன் ஆன ஊர்

லேக் ஜெனீவாவுக்குக் கோடையில் போவதுதான் வழக்கம். சிகாகோவிலிருந்து வடமேற்கே காரில் ஒன்றரை மணி நேரம். விஸ்கான்சின் மாநில எல்லையைத் தாண்டியதும் வந்துவிடும். ஏரியைச் சுற்றிச் சுமார் 34 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை உண்டு. பெரும் பணக்காரர்களின் மாளிகைப் புல்வெளிகளுக்கு நடுவே போகிறது; ஆனாலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அந்த ஊருக்கு வருகிற பெரும்பாலானோர் அதற்காகவும் படகுக்காகவும் வருகிறவர்கள். நாங்கள் போனது மார்ச் மாதத்தில். ஏரிக்காற்று காதை அறுத்தது. கடைவீதியில் பாதிக் கடைகளில் கூட்டமே இல்லை. ஆனால் தெருவில் எதிர்ப்பட்டவர்களில் பலருடைய முதுகுப்பையில் பகடைப் பையும் கனத்த விதிப் புத்தகமும் இருந்தன. அவர்கள் வந்திருந்தது 'கேரி கான்' என்ற ஆட்டத் திருவிழாவுக்கு.

என்னைக் கூட்டிப்போனவள் அக்கா மகள். சிகாகோவில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை இரவுகளில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டம் நடத்துகிறாள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் நிலவறையில் உட்கார்ந்து பையன்கள் ஆடுவார்களே, அதே ஆட்டம்தான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் மட்டும் மாஸ்டர். இருட்டு, கதவு, கதவுக்குப் பின்னால் கேட்கும் சத்தம் எல்லாவற்றையும் அவர்தான் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரர், மந்திரவாதி, திருடர். இன்னதைச் செய்கிறேன் என்று அவர்கள் சொல்ல, நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். கடைசியில் ஜெயித்தவர் யார் என்ற கேள்வியே இதில் கிடையாது. ஒரே கதையை வருடக்கணக்காக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"சித்தி, விழாவுக்கு அப்புறம் போகலாம். முதல்ல வீட்டைப் பார்த்துடுவோம்" என்று சென்டர் தெருவில் வண்டியைத் திருப்பினாள்.

330, சென்டர் தெரு. அமெரிக்கச் சிற்றூர்களில் எங்கும் பார்க்கக்கூடிய சின்ன வீடு. இந்த ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் மனைவி மக்களோடு இங்கே இருந்தார். பிறந்தது 1938-ல் சிகாகோவில். சிறுவயதிலேயே குடும்பம் இந்த ஊருக்கு வந்துவிட்டது. அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர், வயலின் கலைஞர். பையனோ கைவிடப்பட்டுக் கிடந்த பழைய மருத்துவமனைக் கட்டடத்துக்குள் புகுந்து, அதன் அடியிலிருந்த சுரங்க வழிகளில் சுற்றித் திரிந்தவன். பிறகு சிகாகோவில் காப்பீட்டு நிறுவன வேலை. 1970-ல் அந்த வேலை போனது. அதன் பிறகு நிலவறையில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்தினார். அதே நிலவறையில் மணல் நிரப்பிய பெரிய மேசை ஒன்றும் இருந்தது. மணலைக் குவித்தால் குன்று, தோண்டினால் ஆறு. அதன்மேல் வீரர் பொம்மைகளை அணிவகுத்து நண்பர்கள் போர் ஆடினார்கள்.

எச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் பொம்மைப் போருக்கு விதி எழுதிவிட்டார். எனவே பொம்மைப் போர் புதிதல்ல. புதிதாக நடந்தது வேறு. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிநூல் 1971-ல் வந்தது. அதன் பெரும்போர் விதிப்படி ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம். ஆனால் அதே நூலின் பின்பகுதியில் மந்திரவாதி, டிராகன், தனியாளாக நின்று போரிடும் மாவீரன் என்று ஒரு இணைப்பைக் கைகாக்ஸ் சேர்த்திருந்தார். அங்கே ஒரு பொம்மை, ஒரே ஆள். அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றுவது இயல்புதானே.

விதி எழுதியாயிற்று, மேசையில் வைக்க டிராகன் எங்கே? அன்றைக்குக் கடைகளில் நெப்போலியன் படை கிடைக்கும், ரோமானியப் படை கிடைக்கும். டிராகன் கிடைக்காது. கைகாக்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டெகோசாரஸை எடுத்து வெட்டி ஒட்டி டிராகன் ஆக்கினார். அவர்கள் ஆடிக்கொண்டிருந்தவை ஜெர்மனியின் எலாஸ்டோலின் கம்பெனி செய்த 40 மில்லிமீட்டர் பொம்மைகள். அதே கம்பெனியின் 70 மில்லிமீட்டர் வைக்கிங் பொம்மை ஒன்றின் தலையில் பெண்குழந்தைகள் விளையாடும் பொம்மையின் முடியை ஒட்டினார். அது அரக்கன் ஆயிற்று. கொலுவில் பூங்கா வைக்கும்போது உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகிவிடுவதைப் போலத்தான் இதுவும்.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை இன்னொன்று உண்டு. மலிவு விலைக் கடையில் பிளாஸ்டிக் விலங்குப் பொம்மைகள் பையில் போட்டு விற்பார்கள். ஹாங்காங்கிலிருந்து வந்தவை. பையில் 'வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்' என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவற்றில் சில எந்தக் காலத்திலும் வாழ்ந்த விலங்கல்ல. அச்சு செய்தவர் யாரோ, மனம்போன போக்கில் செய்திருக்கிறார். கைகாக்ஸ் அவற்றை வாங்கி வந்து மணல்மேசையில் நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான், இது என்ன, எங்கே வாழும், என்ன தின்னும் என்ற கேள்விகள். அலகு போன்ற மூக்கும் கனத்த உடம்பும் உள்ள ஒன்று ஆந்தைக் கரடி ஆனது. வாலில் விசிறி போன்ற துடுப்பு உள்ள இன்னொன்று, இரும்பைத் தின்னும் 'ரஸ்ட் மான்ஸ்டர்' ஆனது. அது தொட்டால் வாளும் கவசமும் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். எந்த வீரனுக்கும் அதைக் கண்டால் குலை நடுக்கம். இவை இரண்டும் 1975-ல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில் இடம்பெற்றன. முதுகில் ஓடு கவிழ்த்த மூன்றாவது பொம்மைக்கு டிம் காஸ்க் என்பவர் குணநலன்கள் எழுதினார். மண்ணுக்கடியில் நீந்தி வந்து பாயும் அந்த 'புலெட்', 1976-ல் 'தி டிராகன்' பத்திரிகையின் முதல் இதழிலேயே வெளியானது. இன்று உலகமெங்கும் ஆடுகிறவர்களுக்கு இந்த மூன்றையும் தெரியும். அந்த அச்சைச் செதுக்கிய ஹாங்காங் தொழிலாளியின் பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

கதையில் பாதி இந்த ஊருடையது அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மினசோட்டாவின் இரட்டை நகரங்களில் டேவிட் வெஸ்லி 1969-ல் 'பிரான்ஸ்டைன்' என்ற ஆட்டத்தை நடத்தினார். அதில் ஆடுகிறவருக்குப் படை கிடையாது; ஒரு தனி மனிதரின் வேடம் உண்டு. அந்தக் கூட்டத்தில் ஒருவர் டேவ் ஆர்னசன். 1971-ல் நெப்போலியன் போர் ஆட வந்த நண்பர்கள் அவர் வீட்டு நிலவறைக்குள் இறங்கியபோது பிங்பாங் மேசை மீது ஒரு கோட்டை மாதிரி நின்றிருந்தது. அதன் அடியில் குகைகள், அரக்கர்கள். 'பிளாக்மூர்' என்ற ஆட்டம் அப்படித்தான் பிறந்தது. 1972-ன் இறுதியில் ஆர்னசனும் டேவிட் மெகரியும் காரை ஓட்டிக்கொண்டு லேக் ஜெனீவாவுக்கு வந்து கைகாக்ஸுக்கு அதை ஆடிக் காட்டினார்கள். கைகாக்ஸ் உடனே சொந்தமாக ஒரு கற்பனை நிலவறை வரைந்தார். அதற்குள் முதலில் இறங்கியவர்கள் அவருடைய மகன் எர்னியும் மகள் எலிஸும். யாருடைய கண்டுபிடிப்பு என்று பின்னாளில் கைகாக்ஸுக்கும் ஆர்னசனுக்கும் நீதிமன்றம் வரைக்கும் போன தகராறு வந்தது. ஆர்னசனின் மேசை இல்லாமல் இந்த ஆட்டம் இல்லை, கைகாக்ஸ் உட்கார்ந்து எழுதாமல் அது அந்த மேசையைத் தாண்டியிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

எழுதிய ஆட்டத்துக்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. 1973-ல் கைகாக்ஸும் பால்ய நண்பர் டான் கேயும் டிஎஸ்ஆர் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரையன் புளூம் இரண்டாயிரம் டாலரோடு சேர்ந்தார். 1974 ஜனவரியில் ஆட்டம் வெளியானது: மரநிறப் பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை பத்து டாலர், ஆயிரம் பிரதிகள். கையாலேயே மடித்து, அடுக்கி, பெட்டியில் போட்டார்கள். காகிதம், பென்சில், சிறு பொம்மைகள் கொண்டு ஆடுவது என்று அட்டையிலேயே இருக்கிறது. உள்ளே புரட்டினால், பொம்மை கட்டாயமில்லை, இருந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று எழுதியிருக்கும். அதனால் பணமில்லாத மாணவர்களும் ஆடினார்கள்; ஆட்டம் பரவியது.

வில்லியம்ஸ் தெருவில் டிஎஸ்ஆரின் முதல் அலுவலகமும் கடையும் இருந்த சாம்பல் நிற வீட்டை வெளியிலிருந்து பார்த்தோம். பிராட் தெருவில் ஹார்ட்டிகல்ச்சுரல் ஹாலையும். 1968-ல் ஐம்பது டாலர் வாடகைக்கு அந்த மண்டபத்தை எடுத்து, தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கைகாக்ஸ் நடத்திய சந்திப்புதான் முதல் 'ஜென் கான்'. இன்று அது இண்டியானாபொலிஸில் நடக்கும் பிரம்மாண்டமான விழா. டிஎஸ்ஆரும் 1997-ல் கைமாறி மேற்குக் கரைக்குப் போய்விட்டது. 2008 மார்ச்சில் கைகாக்ஸ் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் அழுதுவிட்டுக் கலையவில்லை. மேசை போட்டு உட்கார்ந்து ஆடினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அது கேரி கான் ஆயிற்று. அவருடைய மகன் லூக் அதை முன்னின்று நடத்துகிறார்.

விழா நடக்கும் கிராண்ட் ஜெனீவா ஓட்டல் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஒரு காலத்தில் பிளேபாய் கிளப் ஓட்டலாக இருந்த இடம். 1977-ல் ஜென் கானே அங்கே நடந்திருக்கிறது. உள்ளே போனால் கூடம் கூடமாக மேசைகள். எல்லா மேசையிலிருந்தும் பேச்சு, நடுநடுவே பகடை உருளும் சத்தம்.

ஒரு மேசையின் ஓரத்தில் நாற்காலி போட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் எழுபதை நெருங்கியவர். முன்னால் அட்டைத் தடுப்பு; அதன் பின்னால் அவருடைய வரைபடமும் பகடைகளும். ஆடுகிறவர்களுக்கு அந்த வரைபடம் தெரியக்கூடாது. "வடக்கே முப்பது அடி போகிறது. பிறகு கிழக்கே திரும்புகிறது. சுவர் ஈரமாக இருக்கிறது" என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு பெண் கட்டம்போட்ட தாளில் அதை வரைந்துகொண்டே வந்தார். அவர் வரைவதில் பிசகினால் எல்லோரும் வழி தவற வேண்டியதுதான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாஸ்டர் தாளில் ஒரு கோடு கிழித்தார். நிஜ நிமிடம் அல்ல, நிலவறைக்குள் ஓடும் நிமிடம். ஆறு கோடு ஆனால் தீப்பந்தம் அணைந்துவிடும். மிச்சமிருக்கும் பந்தங்களை எண்ணி, உள்ளே போவதா திரும்புவதா என்று அவர்கள் குசுகுசுத்தார்கள்.

திருப்பத்தில் ஒரு பூதக்கூட்டம் எதிர்ப்பட்டது. நான் சண்டைதான் என்று நினைத்தேன். மாஸ்டர் இரண்டு பகடையை உருட்டிப் பார்த்தார். எதிரி சீறுவாரா, சிரிப்பாரா என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, பகடையிடம் விட்டார். எண் பெரிதாக விழுந்தது. அவர் முகமே மாறிவிட்டது. கழுத்தைச் சாய்த்து, மூக்கால் பேசும் பூதத் தலைவராக, "உப்புப் போட்ட மீன் இருக்கிறதா?" என்று கேட்டார். அடுத்த அரை மணி நேரம் பேரம். கடைசியில் இரண்டு நாள் சாப்பாட்டைக் கொடுத்து, கீழே இறங்கும் இரகசியப் படிக்கட்டைக் கேட்டு வாங்கினார்கள். மாஸ்டர் எவரையும் தோற்கடிக்க முயலவில்லை. எவரையும் காப்பாற்றவும் முயலவில்லை. ஒவ்வொருவரிடமும் திரும்பி, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதிலைக் கடைசிவரை கேட்டார். ஆட்டம் நடத்துவதில் கடினமான வேலை அந்தக் கேட்பதுதான் என்று அக்கா மகள் அடிக்கடி சொல்லுவாள். அன்றைக்கு அதை நேரில் பார்த்தேன்.

அந்த மேசையில் பொம்மை ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் கூடத்தில் வேறு உலகம். அங்கே ஒரு பெரியவர் பச்சை நிறப் பசை மண்ணில் பொம்மை செய்துகொண்டிருந்தார். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று என இரண்டு பட்டைகள். சேர்த்துப் பிசைந்தால் பச்சை. ஒன்றரை மணி நேரத்துக்குள் உருவம் கொடுத்தாக வேண்டும், அப்புறம் இறுகிவிடும். கம்பியை முறுக்கி எலும்புக்கூடு செய்து வைத்திருந்தார். 28 மில்லிமீட்டர் உயரம், என் கட்டைவிரலின் பாதி. ஊசியைத் தண்ணீரில் தொட்டுக்கொள்வார். இல்லாவிட்டால் மண் ஊசியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மிளகில் பாதி அளவு மண்ணை முகத்தில் வைத்து ஊசி நுனியால் இரண்டு அழுத்தம். கண்குழிகள் வந்துவிட்டன. கன்னத்துக்குக் கீழே ஒரு இழுப்பு. பட்டினி கிடந்த முகம் ஆயிற்று. பிணந்தின்னிப் பேய் என்றார். நான் பார்த்தது பசித்த ஒரு மனிதனை. அப்படிச் சொன்னதும் அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அது முன்பு மனிதனாக இருந்தது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கையில் ஒரு மோதிரம் வைக்கப்போகிறேன் என்றார்.

அக்கா மகளின் வழி இன்னும் எளிது. அவளுடைய பெட்டியைத் திறந்து காட்டினாள். இங்கே வீட்டுச் சுவருக்குள் குளிர் தாங்க வைக்கும் இளஞ்சிவப்பு ஃபோம் பலகை வன்பொருள் கடையில் கிடைக்கிறது. அதைக் கத்தியால் துண்டு போட்டு, பேனாவால் கோடு கீறினால் செங்கல் சுவர். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அதன்மேல் உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடுகிறது.

"ஸ்பிரே பெயின்ட் மட்டும் நேரா அடிக்கக் கூடாது சித்தி, ஃபோம் உருகிடும். முதல்ல பசையும் கருப்புப் பெயின்ட்டும் கலந்து ஒரு பூச்சு. காஞ்சதும் சாம்பல் நிறத்தைப் பிரஷ்ல எடுத்து, துணியில நல்லாத் துடைச்சுட்டு, லேசா மேலே தடவணும். மேட்டுல மட்டும் ஒட்டும், பள்ளம் கருப்பாவே இருக்கும்."

"விலைக்கு இதைவிட அழகா விக்கிறாங்களேம்மா?"

"விக்கிறாங்க. நானும் வாங்குவேன். ஆனா ஒரு சுவரை நானே செய்யறப்போ, இதுல ஏன் இந்தக் கல்லு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குதுன்னு யோசிப்பேன். அங்கதான் கதவு இருக்கும்."

இதைக் கேட்டபோது ஆந்தைக் கரடியின் கதை எனக்கு முழுதாகப் புரிந்தது. வீட்டிலேயே செய்யும் பொம்மையைப் பலர் காசில்லாதவர்களின் மாற்று ஏற்பாடாகப் பார்க்கிறார்கள். 1975-ல் சின்சினாட்டியில் ரால் பார்த்தா என்ற பொம்மைக் கம்பெனி தொடங்கியதிலிருந்து நல்ல உலோகப் பொம்மைகள் வந்துவிட்டன. இன்று வீட்டு மேசையிலேயே முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கிறது. என்ன கேட்டாலும் அச்சாகி வரும். ஆனால் அதற்கு என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கையால் செய்கிறவர் தெரியாமல் தொடங்கலாம். கிடைத்த பொருள் அவரைத் திருப்பிவிடும். இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த உயிரினங்கள் அப்படிப் பிறந்தவை. அந்தப் பழக்கம் அற்றுப்போனால் ஆட்டம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வேலையாகச் சுருங்கிவிடும் என்று நான் உண்மையாகவே பயப்படுகிறேன்.

மறுநாள் அவள் நடத்திய ஆட்டம். ஆறு பேர். அதில் ஒருவர் தன் மகளோடு வந்திருந்தார். பத்து வயது இருக்கும். மற்றவர்கள் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு பொம்மையை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆமையின் மேல் சவாரி செய்யும் நரிதான் அவளுக்கு வேண்டும்.

அக்கா மகள் தடித்த தாள் ஒன்றை நடுவில் மடித்து அவளிடமே கொடுத்தாள். ஒரு பக்கம் முன்புறம், மறுபக்கம் பின்புறம். அந்தப் பெண் பென்சிலால் நரி வரைந்தாள். வால் தாளுக்கு வெளியே போகப் பார்த்ததால் மேல்நோக்கி வளைத்தாள். வெட்டி, அடியை விரித்து, இரும்பு வாஷரில் பசை தடவி ஒட்டினார்கள். ஆமை பெரிதாகிவிட்டது. ஓர் அங்குலக் கட்டத்தில் அடங்க வேண்டியது. இரண்டு கட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றது. "அப்போ அது பெரிய ஆமைதான்" என்று அக்கா மகள் ஒப்புக்கொண்டாள். ஓர் அங்குலம் ஐந்து அடி என்பது கணக்கு. ஆகவே பத்தடி ஆமை.

அக்கா மகள் திட்டமிட்டிருந்தது ஒரு கோபுரம். வாரக்கணக்கில் உட்கார்ந்து ஃபோமில் செதுக்கிய சுழல் படிக்கட்டு. உச்சியில் ஒரு சூனியக்காரி. படிக்கட்டின் அகலம் ஒரு கட்டம். ஆமை ஏறாது. ஆமையைக் கீழேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று வாள்வீரர் சொன்னார். அந்தப் பெண் மறுத்தாள். அவளுடைய அப்பாவும் மறுத்தார். திருடர் கோபுரத்தின் வெளிச்சுவரைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா மகள் கோபுரத்தைத் தூக்கித் திருப்பிக் காட்டினாள். துருத்திய கற்கள், பாதி உயரத்தில் ஒரு ஜன்னல், அதற்கு மேலே உடைந்த உப்பரிகை. யாரோ கயிறு எத்தனை அடி என்று கேட்டார்கள். இன்னொருவர் உப்பரிகைத் தூணில் கப்பி கட்ட முடியுமா என்று தாளில் படம் போட ஆரம்பித்தார். மந்திரவாதியிடம் மிதக்க வைக்கும் மந்திரம் ஒன்று இருந்தது, ஆனால் எடைக்கு வரம்பு உண்டு. சூனியக்காரியை எல்லோரும் மறந்தே போனார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அந்த மேசையைப் பதிவு செய்திருந்தவர்கள் வாசலில் வந்து நின்று, போகச் சொல்லாமல், கயிற்றை எங்கே கட்டலாம் என்று யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

"சரி, ஆமையோட எடை எவ்வளவு?" என்று அக்கா மகள் கேட்டாள்.

எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் காகித ஆமையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். "சாப்பாட்டுக்கு முன்னாலயா, அப்புறமா?" என்றாள்.